விழிக்குள் ஒரு செவிலி: கண்ணின் தெளிவைக் காக்கும் புரதங்கள்



இலக்கிய மேடையில் புரதத்திற்கு என்ன வேலை என்னும் வினா இவ்வவையில் எழுதல் இயல்பே. கண்ணைப் பாடாத தமிழ்ப்புலவர் அரியர். குவளை என்றும், கயல் என்றும், வேல் என்றும், மானின் நோக்கு என்றும் ஈராயிரம் ஆண்டுகளாகக் கண் பாடப்பெற்று வருகிறது. இவ்வுவமைகள் பெரும்பாலும் கண்ணின் புறவடிவையும் அதன் நோக்கையும் பற்றியவை. பார்க்கப்படும் கண் பாடப்பட்ட அளவிற்குப் பார்க்கின்ற கண் பாடப்படவில்லை. கண்ணுக்குள் ஒளி செல்லும் வழியில் இருப்பது யாது, அது ஒளியை மறைக்காமல் விடுவது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு அறிவியலார் கண்ட விடையில், சொல்லைக் கையாள்வோர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை எடுத்துரைப்பதும், அதற்குப் பொருந்தும் தமிழ்ச்சொல் ஒன்றை இவ்வவையின் முன் வைப்பதும் இவ்வுரையின் நோக்கம்.

பளிங்கும் படிகமும்

தெளிந்த பொருளுக்குத் தமிழ் இலக்கியம் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு பளிங்கு. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில், அடுத்துள்ள பொருளின் நிறத்தைத் தன்னுள் காட்டும் பளிங்கு, நெஞ்சின் மிகுதியைக் காட்டும் முகத்திற்கு உவமையாகிறது. மணிமேகலையில் உவவனத்துப் பளிக்கறை, தன்னுள் இருப்போரின் குரலை வெளியே விடாமல் உருவத்தை மட்டும் புறத்தே காட்டும் இயல்பினது. உதயகுமரன் வரவறிந்த சுதமதி, மணிமேகலையை அவ்வறைக்குள்தான் புகச் செய்கிறாள்.

மேலை நாட்டாரும் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த உறுப்பைக் கண்டபோது பளிங்கையே நினைத்தனர். பனிக்கட்டியையும் படிகத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியாக, அவ்வுறுப்பிலுள்ள புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்னும் பெயர் அமைந்தது. பெயர் அழகியது, ஆயினும் பொருளளவில் பிழையுடையது. கிரிஸ்டலின்கள் படிகங்கள் அல்ல. உண்மையில் அவை படிகமாகிவிட்டால் கண் மங்கும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இப்புரதங்களுள் ஒன்றில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றத்தால் ஒரு சிறுவனின் விழியில் அது படிகங்களாகவே உறைந்து பார்வையை மறைத்ததைக் காட்டியது. ஆகவே கண்ணின் தெளிவைப் பளிங்கின் தெளிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அத்தெளிவின் இயல்பு வேறு.

துறந்து தெளியும் உயிரணுக்கள்

கண்ணின் முகப்பில் கார்னியாவும், அதன் பின் கண்மணியும், கண்மணிக்குப் பின்னே லென்ஸ் என வழங்கும் விழிவில்லையும் அமைந்துள்ளன. வளர்ந்த மனிதனின் விழிவில்லை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது; உருவில் ஒரு பருப்பை ஒத்தது. கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கார்னியா செய்கிறது. எஞ்சியதைச் செய்வதும், அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன் வளைவை மாற்றிக்கொள்வதும் விழிவில்லையின் பணி.

இவ்வுறுப்பில் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கருவில் வளரும் காலத்தில் அதனைச் சூழ்ந்திருந்த மெல்லிய குருதிக்குழாய்களும் பிறப்பதற்கு முன்னரே தேய்ந்து மறைகின்றன. பின்னர் வாழ்நாள் முழுதும், தன்னைச் சூழ்ந்த தெளிநீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது.

விழிவில்லையின் விளிம்பில் பிறக்கும் உயிரணுக்கள் நீண்டு இழைகளாகி, முன்னைய இழைகளின் மேல் அடுக்கடுக்காகப் படிகின்றன. இழையாக முதிரும்போது ஒவ்வோர் உயிரணுவும் தன் உட்கருவை இழக்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை இழக்கிறது. புரதம் செய்யும் உள்ளமைப்புகளையும் இழக்கிறது. ஒளியைச் சிதறடிக்கக்கூடிய இவை அனைத்தும் ஒளியின் பாதையிலிருந்து அகற்றப்படுகின்றன. இத்துறவிற்கு விலை உண்டு. உட்கரு இன்மையால் அவ்வுயிரணு இனிப் புதிய புரதம் எதையும் ஆக்க இயலாது. தன் இளமையில் ஈட்டி வைத்ததைக் கொண்டே இறுதிவரை அது வாழ வேண்டும்.

மரங்களை அகக்காழ் உடையன என்று தொல்காப்பியம் வகுக்கும். உள்ளே வயிரம் பாய்ந்து, புறத்தே ஆண்டுதோறும் புதிய வளையம் சேர்வது மரத்தின் இயல்பு. விழிவில்லையும் அத்தகையதே. அதன் நடுவில் இருப்பவை தாயின் வயிற்றில் உருவான இழைகள். அடுத்த அடுக்குகள் குழந்தைப் பருவத்தன. மேலடுக்குகள் அண்மைக் காலத்தன. ஒருவருடைய எல்லாப் பருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே அமைந்துள்ளன. எதிரில் இருப்பதை அவர் பார்ப்பது அவை அனைத்தின் ஊடாகத்தான்.

நிறைவின் தெளிவு

தெளிவு என்றவுடன் நெஞ்சில் தோன்றுவது வெறுமை. தூய நீர் தெளிவு; மண் கலந்த நீர் கலங்கல். இம்மரபான எண்ணத்திற்கு விழிவில்லை மாறாக நிற்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். தசையில்கூடப் புரதம் ஐந்தில் ஒரு பங்கு அளவே உண்டு. அச்செறிவு தேவையானதும் ஆகும். ஒளியை வளைத்துக் குவிப்பதற்கு உயர்ந்த ஒளிவிலகல் எண் வேண்டும். நீரின் எண் 1.33, விழிவில்லையின் நடுப்பகுதி 1.4-ஐ எட்டுகிறது. நீரால் மட்டும் ஆன வில்லை கண்ணுக்குள் இருந்தால், சூழ்ந்துள்ள நீர்மத்திற்கும் அதற்கும் வேறுபாடு இன்மையால் ஒளி வளையாது. செறிவு குறைந்தால் குவியம் இல்லை. செறிவு மிகுந்தால் கலங்கும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே இயற்கை கண்ட வழியே வியப்புக்குரியது.

செறிந்த புரதம் எத்துணை எளிதில் தெளிவை இழக்கும் என்பதை அடுக்களையில் காணலாம். முட்டையின் வெண்கரு பச்சையாக இருக்கும்போது அதன் ஊடே பார்க்க முடியும். வெந்தபின் வெள்ளையாகி ஒளியை மறைக்கிறது. வெளியிலிருந்து புதிதாக எதுவும் அதில் சேரவில்லை. முன்னிருந்த அதே புரதங்கள் வெப்பத்தால் மடிப்பவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கித் திரள்களாகிவிட்டன. மீன்குழம்பில் வெந்த மீனின் கண்ணிலிருந்து வெள்ளை மணி ஒன்று உருண்டு வருவதை அனைவரும் கண்டிருப்பர். அம்மணிதான் உயிருள்ளபோது ஒளி ஊடுருவிய விழிவில்லை.

தெளிவிற்கும் கலக்கத்திற்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை. அப்பொருள் அமைந்திருக்கும் முறையில் இருக்கிறது. 1971-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் பெனடெக் இதற்குரிய கோட்பாட்டை விளக்கினார். 1983-இல் பிரெஞ்சு ஆய்வாளர்களாகிய டெலாயே, தார்தியூ ஆகியோர் ஆய்வு வழியாக அதனை நிறுவினர். புரதத் துகள்கள் நீரில் தொலைதொலைவாகச் சிதறிக் கிடக்கும்போது, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒளியைச் சிதறடிக்கிறது. அளவு கூடக்கூட முதலில் கலங்கலும் கூடுகிறது. ஒரு செறிவைக் கடந்தபின் நிலை மாறுகிறது. துகள்கள் நெருங்கி நிற்பதால் ஒன்று மற்றொன்றிற்கு இடம்விட்டு ஒழுங்குபட நிற்கும் கட்டாயம் ஏற்படுகிறது. அவ்வொழுங்கு படிகத்தைப் போல நெடுந்தொலைவு நீள்வதில்லை. அண்டை அயலோடு முடிந்துவிடுவது. ஒளிக்கு அதுவே போதும். ஒரு துகள் சிதறடித்த அலையை மற்றொரு துகள் சிதறடித்த அலை அழித்துவிட, ஒளி நேராகச் செல்கிறது. கிரிஸ்டலின் துகள்களுள் பெரியது ஏறத்தாழ 15 நானோமீட்டர் அளவினது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். துகள் சிறியதாகவும் அடுக்கு சீராகவும் இருக்கும்வரை ஒளி அதனைப் பொருட்படுத்துவதில்லை. துகள்கள் கட்டிகளாகித் திரளின் அளவு அலைநீளத்தை நெருங்கும்போதுதான் கண் மங்குகிறது.

செறிவுடைய ஒரு வெண்பாவை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஏழு சீரும் நிறைந்திருக்கும் குறள், பொருளை மறைப்பதில்லை. சொற்கள் குறைவதால் அன்றி, ஒவ்வொரு சொல்லும் அடுத்ததன் இடத்தைக் கவராது நிற்பதால் அங்கே தெளிவு பிறக்கிறது.

மூன்று குடும்பங்கள்

1894-இல் சுவீடன் நாட்டு அறிஞர் மோர்னர் விழிவில்லைப் புரதங்களைப் பிரித்து வகைப்படுத்தினார். இன்று அவை ஆல்ஃபா, பீட்டா, காமா எனப்படுகின்றன. பீட்டாவும் காமாவும் ஒரே குலத்தின் இரு கிளைகள். காமா தனித்து நிற்பது. பீட்டா இரண்டும் பலவுமாகக் கூடி நிற்பது. செறிவையும் ஒளிவிலகலையும் தருவதில் இவற்றின் பங்கு பெரிது. ஆல்ஃபாவின் குலம் வேறு. அதில் ஆல்ஃபா-ஏ, ஆல்ஃபா-பி என இரு வகை உண்டு. முன்னது 173 அமினோ அமிலங்களால் ஆனது, பின்னது 175. விழிவில்லையில் இவை ஏறத்தாழ மூன்றிற்கு ஒன்று என்னும் அளவில் கலந்து, முப்பது நாற்பது கூறுகள் சேர்ந்த உருண்டைகளாக விளங்குகின்றன.

இப்புரதங்களின் பிறப்பு வரலாறு சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவையானது. கண்ணுக்கென்றே புதிதாகப் படைக்கப்பட்டவை இவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1987-இல் விஸ்டோ, டி யாங் முதலிய ஆய்வாளர்கள், வாத்தின் விழிவில்லையில் மிகுந்துள்ள புரதம் ஒன்று லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் பழைய நொதியே என்று கண்டறிந்தனர். உடலின் பிற இடங்களில் வேதிவினை புரியும் அந்நொதி, விழிவில்லையில் பேரளவில் குவிந்து ஒளியை வளைக்கும் பணியை மேற்கொண்டுவிட்டது. பறவைகள் பலவற்றிலும், கினிப்பன்றியிலும், கணவாய் மீனிலும் இவ்வாறே வெவ்வேறு நொதிகள் கண்ணின் பணிக்கு அழைக்கப்பட்டிருப்பது பின்னர்த் தெரியவந்தது. ஒரே மரபணு இருபணி புரியும் இந்நிலையை மரபணுப் பகிர்வு என்றனர் பியாட்டிகோர்ஸ்கியும் விஸ்டோவும்.

மொழியிலும் இதுவே நிகழ்கிறது. புதுப்பொருள் தோன்றும்போதெல்லாம் மொழி புதுச்சொல்லைப் படைப்பதில்லை. நிலைபெற்ற பழஞ்சொல் ஒன்றைப் புது இடத்தில் நிறுத்துகிறது. இடம் மாறியதால் பொருளும் விரிகிறது. விதைப்பெட்டியில் கிடந்த சொல் கவிதைக்குள் வந்ததும் வேறு வேலை செய்வதைக் கவிஞர் அறிவர்.

செவிலி

ஆல்ஃபா கிரிஸ்டலினின் பழைய தொழில் யாது? 1982-இல் இங்கோலியா, கிரெய்க் என்னும் இருவர் பழ ஈயின் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆராய்ந்தனர். வெப்பம் முதலிய இன்னல் நேரும்போது உயிரணு தன்னைக் காத்துக்கொள்ள ஆக்கும் புரதங்கள் அவை. அவற்றுள் சிறியனவாகிய நான்கின் அமைப்பு, பாலூட்டிகளின் கண்ணிலுள்ள ஆல்ஃபா கிரிஸ்டலினை ஒத்திருந்தது. ஈயின் இடர்க்காலப் புரதத்திற்கும் கண்ணின் தெளிவிற்கும் என்ன உறவு என்பது பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது.

1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஹார்விட்ஸ் அதனை விடுவித்தார். பீட்டா, காமா கிரிஸ்டலின்களையும் வேறு சில நொதிகளையும் தனியே சூடேற்றினால் அவை திரண்டு கலங்குகின்றன. அவற்றோடு ஆல்ஃபா கிரிஸ்டலினைக் கலந்து சூடேற்றினால் நீர்மம் தெளிவாகவே இருக்கிறது. மடிப்பவிழத் தொடங்கிய புரதத்தை ஆல்ஃபா பற்றிக்கொண்டு, அது பிறவற்றோடு சிக்கித் திரளாதவாறு தடுத்துவிடுகிறது. இந்தியாவிலும் ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் மோகன் ராவ் குழுவினர் இத்துறையில் ஆய்வு செய்து, வெப்பம் ஏறும்போது ஆல்ஃபாவின் இக்காப்புத் திறனும் கூடுவதைக் காட்டினர்.

இவ்வாறு பிற புரதங்களைக் காக்கும் புரதத்திற்கு மேலைநாட்டார் இட்ட பெயர் சாப்பரோன் என்பது. பொதுவிடங்களுக்குச் செல்லும் இளம்பெண்ணுக்குக் காவலாகத் துணைசெல்லும் முதுபெண்ணைக் குறிக்கும் சொல் அது. தமிழில் அதனை ஒலிபெயர்த்தோ, துணைப்புரதம் என்று பொதுப்பட மொழிந்தோ செல்ல வேண்டியதில்லை. அகத்திணை மரபு அதற்கென ஒரு சொல்லைப் பேணி வைத்திருக்கிறது. அச்சொல் செவிலி. பெற்றவள் நற்றாய், வளர்த்துக் காப்பவள் செவிலி. தலைவியின் நடை, சொல், நோக்கு ஆகியவற்றின் சிறு வேறுபாட்டையும் முதலில் உணர்பவள் அவள். தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலை வழியில் தேடிச் செல்பவளும் அவளே. ஆகவே இப்புரதங்களைச் செவிலிப் புரதம் என்று வழங்கலாம்.

உவமைக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையையும் சுட்டுவது கடன். உயிரணுவிலுள்ள செவிலிப் புரதங்களுள் சில, மடிப்பவிழ்ந்த புரதத்தைப் பற்றி, ஆற்றல் செலவிட்டு, மீண்டும் செம்மையாக மடித்து அனுப்புபவை. ஆல்ஃபா கிரிஸ்டலின் அவ்வாறு செய்வதில்லை. அது திருத்துவதில்லை, தாங்கிக்கொள்கிறது. விழிவில்லையின் நடுவில் ஆற்றல் தரும் அமைப்புகள் இல்லாமையால், பற்றியதைத் திருத்தி விடுவிக்கவும் அங்கே வழியில்லை. பற்றியது பற்றியவாறே இருக்க வேண்டும். நலிந்த புரதம் ஒன்று சேருந்தோறும் அதன் தாங்கும் திறனில் ஒரு பகுதி செலவாகிறது. செலவானதை ஈடுசெய்யப் புதிய ஆல்ஃபா அங்கே பிறப்பதில்லை.

இச்செவிலியின்றிக் கண் என்னாகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1997-இல் ஆல்ஃபா-ஏ மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு இளமையிலேயே விழிவில்லை மங்கியது. 1998-இல் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் ஆல்ஃபா-பி புரதத்தின் 120-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அம்மாற்றத்தை உடையவர்களுக்குத் தசைநோயும் கண்புரையும் ஒருங்கே தோன்றின. ஆல்ஃபா-பி கண்ணில் மட்டுமன்றி இதயத்திலும் தசையிலும் பணிபுரிவதே அதன் காரணம்.

மாறாத பொருளும் மாறும் காலமும்

உடலின் பெரும்பாலான புரதங்கள் நாளும் அழிந்து நாளும் ஆக்கப்படுகின்றன. விழிவில்லையின் நடுவிலுள்ளவை அவ்வாறு அல்ல என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து சான்று கிடைத்தது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் நிகழ்த்திய அணுகுண்டு வெடிப்புகளால், காற்றிலிருந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1963-இல் அத்தகைய வெடிப்புகளுக்குத் தடை ஒப்பந்தம் ஏற்பட்டபின் அது படிப்படியாகக் குறைந்தது. எனவே ஒரு திசுவிலுள்ள கரிமத்தின் அளவைக் கொண்டு அது உருவான காலத்தை அறியலாம். 2008-இல் டென்மார்க்கின் லின்னெரப் குழுவினர் இறந்தோரின் விழிவில்லைகளை இவ்வாறு அளந்து, அதன் கிரிஸ்டலின்கள் அவர்கள் பிறந்த காலத்தையே காட்டுவதைக் கண்டனர். 2016-இல் இதே முறையால் கிரீன்லாந்துச் சுறாவின் விழிவில்லை நடுவை ஆராய்ந்து, அவ்வினத்தின் மிகப் பெரிய மீன் குறைந்தது 272 ஆண்டுகள் வாழ்ந்தது என்று கணித்தனர். அத்துணை நூற்றாண்டுகளாக அப்புரதம் புதுப்பிக்கப்படவில்லை.

மனித வரலாற்றின் கொடுமை ஒன்றின் தடம், ஓர் ஊரிலும் குண்டு விழாத குழந்தையின் கண்ணிலும் பதிந்திருக்கிறது என்பது எண்ணத்தக்கது.

புதுப்பிக்கப்படாத பொருளில் காலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. சில அமினோ அமிலங்கள் தம் கண்ணாடிப் பிம்ப வடிவிற்கு மாறுகின்றன. சில தம் பகுதிகளை இழக்கின்றன. உயிர்வளியின் தாக்கத்தால் கந்தகமுடைய இடங்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. நீரிழிவு உடையோர்க்குச் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. குளுட்டாதயோன் முதலிய காப்புப் பொருள்கள் இத்தாக்குதலைத் தடுத்து நிற்கின்றன. ஆயின் நடுவயதில் அவை மேலடுக்கிலிருந்து நடுப்பகுதிக்குச் செல்வது தடைப்படுகிறது. நாற்பது வயதை ஒட்டி விழிவில்லையின் நடுப்பகுதியில் கரைந்த நிலையிலிருந்த ஆல்ஃபா ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. அந்நடுப்பகுதி கடினமாகிறது, புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் பருவமும் அதுவே. அதன்பின் பல பத்தாண்டுகள் கண் தெளிவாகவே இருப்பது, முன்னர் ஈட்டிய காப்பின் பயனால் ஆகும்.

புரை என்னும் சொல்

காப்பு முற்றிலும் தளரும்போது புரதங்கள் திரண்டு கண்புரை தோன்றுகிறது. உலகில் பார்வை இழப்பிற்கு முதற்காரணம் கண்புரையே. புரை என்னும் தமிழ்ச்சொல் ஆராயத்தக்கது. உள்துளை, குற்றம் என்பன அதற்குரிய பொருள்கள். உயர்வு என்னும் பொருளையும் தொல்காப்பியத்தின் உரியியல் கூறும். உவம உருபாகவும் அது வரும். ஒரே ஒலி குறையையும் உயர்வையும் ஒப்புமையையும் உணர்த்தி நிற்கிறது. நோயின் பெயராகக் கொள்ளும்போதும் அதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. புரை கண்ட விழிவில்லை நெடுங்காலம் உழைத்து, தாங்கும் அளவெல்லாம் தாங்கிய விழிவில்லை. அறியாமைக்குக் குருட்டை உவமையாக்கும் பழக்கம் கவிதையில் இன்றும் தொடர்கிறது. மேற்கண்ட செய்தியை அறிந்தபின் அவ்வுவமையைக் கையாளும்போது ஒரு நொடியேனும் தயங்கத் தோன்றும்.

முதுமையில் விழிவில்லை மஞ்சள் பூத்து நிறங்களையும் மாற்றிக் காட்டுகிறது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேவிற்கு 1912-இல் கண்புரை இருப்பது அறியப்பட்டது. 1923-இல் அறுவை மருத்துவம் நடந்தது. இடைப்பட்ட காலத்து ஓவியங்களில் செம்மையும் பழுப்பும் மிகுந்து, வடிவங்கள் கரைந்திருப்பதைக் கலையறிஞர் சுட்டுவர்.

இன்று புரைக்கு மருத்துவம் அறுவையே. இரண்டாம் உலகப் போரில் விமான முகப்பின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தும் கேடு செய்யாதிருந்ததை நோக்கிய ஹெரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29-இல் இலண்டனில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் சார்பில் 1992 முதல் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்து வரும் ஆரோலேபும், அவ்வாய்ப்பு எளியோர்க்கும் எட்டச் செய்தவை. திரண்ட புரதத்தைக் கரைக்கும் மருந்து கிடைக்குமா என்னும் தேடலும் நடைபெறுகிறது. 2015-இல் லானோஸ்டிரால் என்னும் பொருள் அதனைச் செய்வதாக ஓர் அறிக்கை வந்தது. பிற ஆய்வாளர்கள் மனிதரிடமிருந்து எடுத்த புரைப்பகுதிகளில் அதனை இட்டுப் பார்த்தபோது அப்பயன் தென்படவில்லை. ஆகவே சொட்டு மருந்தால் புரை கரையும் என்னும் விளம்பரங்களை நம்புதல் ஆகாது.

இங்கே ஊர்வழக்கு ஒன்றைக் குறிப்பிடுதல் தேவை. புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதியோர் பலர் காத்திருக்கின்றனர். பழைய அறுவை முறைகளின் காலத்தில் அச்சொல்லுக்குக் காரணம் இருந்தது. இன்று அது தேவையற்ற காத்திருப்பு. படிப்பும் நடமாட்டமும் தடைப்படும் நிலையிலேயே மருத்துவரை நாடலாம். மிக முற்றிய புரை அறுவையைக் கடினமாக்குவதோடு, கண்ணழுத்தத்தைக் கூட்டி வேறு கேடும் விளைவிக்கக்கூடும். புகைப்பிடித்தலும், கட்டுப்படாத நீரிழிவும், கடும்வெயிலின் புறஊதாக் கதிரும், மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் புரையை விரைவுபடுத்துவன. ஏட்டையும் எழுத்தையும் வாழ்வாகக் கொண்ட மூத்த கவிஞர் ஒருவர், முற்றட்டும் என்ற ஒரு சொல்லை நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளின் வாசிப்பை இழப்பது மொழிக்கும் இழப்பு.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன சில. கண்ணின் தெளிவு வெறுமையால் அமைந்ததன்று. செறிந்த பொருள் ஒழுங்குபட நிற்பதால் அமைந்தது. அவ்வொழுங்கும் தானே நிலைத்திருப்பதன்று. நலியும் புரதங்களை ஒவ்வொன்றாகத் தாங்கிக்கொள்ளும் செவிலி ஒருத்தி உள்ளிருந்து அதனைக் காக்கிறாள். அவள் செய்யும் பணி வெளியே தெரிவதில்லை. தெரியாதிருப்பதே அப்பணி நடைபெறுவதற்கு அடையாளம். அவளுடைய ஆற்றலுக்கு அளவு உண்டு என்பதை மட்டும் பார்ப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைபெறுவதும் இத்தகைய காப்பினால்தான். கவிதை அரங்கேறும் நாளில் மேடையில் தெரிவது கவிஞர். அழைப்பிதழ் எழுதியவரும், இருக்கை போட்டவரும், இருவரிடையே எழுந்த மனத்தாங்கல் கட்சியாகத் திரளாமல் தாங்கிக்கொண்டவரும் மேடையில் தெரிவதில்லை. அவர்களை இவ்வாண்டு மலரின் ஒரு பக்கத்தில் பெயர் சொல்லி நினைவுகூர்தல் பொருத்தமாகும். செவிலிப் புரதம் என்னும் சொல் ஏற்புடையதாயின் கவிஞர்கள் அதனை ஆண்டு பார்க்கலாம். அதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அச்சொல்லையே கொள்ளலாம். வட்டம் வளர்க.